காஜி கொடுக்கும் தலாக் சான்றிதழ் செல்லுமா? சட்டம் என்ன சொல்கிறது?

ரம்ஜான் பிறை தெரிந்ததா, இல்லையா? ஒவ்வொரு வருஷமும் தலைமை காஜியின் அறிவிப்புக்காகத் தமிழ்நாடே காத்திருக்கும். ஆனால் காஜியின் வேலை அதோடு முடிவதில்லை. நிக்காஹ் நடத்துவது, பதிவேட்டில் எழுதுவது, குடும்பப் பிரச்னையில் ஷரியத் என்ன சொல்கிறது என்று விளக்குவது என எல்லாமே அவரிடம் வருகிறது.

கணவர் அனுப்பிய தலாக் கடிதத்தைப் பார்த்து, 'இது செல்லும்' என்று காஜி சான்றிதழ் கொடுத்துவிட்டால் மனைவியின் நிலை என்ன? திருமணம் முடிந்துவிட்டதா? ஜீவனாம்சம்? மறுமணம்?

காஜி நீதிபதியா?

மார்க்கச் சட்டத்தில் இரண்டு பொறுப்புகள் தனித்தனி. முஃப்தி, கேட்பவருக்குச் சட்டத்தை விளக்கிக் கருத்து சொல்பவர். அதுதான் ஃபத்வா. காஜி, ஆட்சியாளரால் நியமிக்கப்பட்டுத் தீர்ப்பு வழங்குபவர்.

பிரிட்டிஷ் அரசு 1864-ல் காஜி நியமனத்தைக் கைவிட்டது. திருமணம் போன்ற சடங்குகளுக்கு அவர்கள் தேவை என்று கோரிக்கை வர, 1880-ல் காஜிகள் சட்டம் வந்தது. முதலில் அமலுக்கு வந்தது மெட்ராஸ் மாகாணத்தில்தான். ஆனால் அதன் 4-வது பிரிவு, இந்த நியமனத்தால் நீதித்துறை அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ வராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நிக்காஹ் நடக்கும் இடத்தில் காஜி இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சிம்பிளா சொன்னா, பதவி பழசு, அதிகாரம் பழசு இல்லை.

நீதிமன்றங்கள் சொன்னது

* 2014: ஃபத்வாவுக்குச் சட்டபூர்வ அங்கீகாரம் இல்லை, யாரையும் அது கட்டுப்படுத்தாது என்றது உச்ச நீதிமன்றம்.
* 2017: முன்னாள் எம்.எல்.ஏ.வும் வழக்கறிஞருமான பதர் சயீத் தொடர்ந்த வழக்கில், காஜியின் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான் என்றது சென்னை உயர் நீதிமன்றம்.
* 2023: மனைவி கேட்டுப் பெறும் 'குலா' விவாகரத்துக்கும் குடும்ப நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும், ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் சான்றிதழ் தர முடியாது என்றது அதே உயர் நீதிமன்றம்.

அப்போ காஜியின் பொறுப்புதான் என்ன?

சட்டத்தைச் சரியாகச் சொல்லிக் கொடுப்பது. இது சின்ன வேலை இல்லை. கணவன், மனைவிக்குள் பிளவு வந்தால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைத்துச் சமரசம் பேச வேண்டும் என்கிறது குர்ஆனின் 4-வது அத்தியாயம். 2002-ல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையேதான் வலியுறுத்தியது: தலாக்கிற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும், அதற்கு முன் சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும்.

ஆக, ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்து போடும் காஜி, நாட்டின் சட்டத்தை மட்டும் மீறவில்லை. தான் கற்பிக்க வேண்டிய வேதத்தின் படியையும் தாண்டிவிடுகிறார். 'பேசிப் பார்த்தீர்களா, அந்தப் பொண்ணு என்ன சொல்றாங்க?' என்று கேட்பதுதான் அவர் முதல் கடமை.

இலங்கையில் நிலைமை வேறு

அங்கே 1951-ம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி நீதிமன்றங்களுக்குச் சட்ட அதிகாரமே உண்டு. ஆனால் அந்தச் சட்டம் ஆண்களை மட்டுமே காதியாக நியமிக்க இடம் தருகிறது. இதை மாற்றக் கோரி முஸ்லிம் பெண்கள் நீண்ட காலமாகப் போராடி வருகிறார்கள். அதிகாரம் இருந்தாலும் யாருடைய குரல் கேட்கப்படுகிறது என்ற கேள்வி அங்கேயும் தொடர்கிறது.

சான்றிதழ் கையில் வந்தால் என்ன செய்யலாம்?

* 'எல்லாம் முடிந்தது' என்று நினைத்து எந்தப் பேப்பரிலும் கையெழுத்து போட வேண்டாம்.
* நிக்காஹ் பதிவு, மஹர் விவரம், வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கவும்.
* ஒரே மூச்சில் முத்தலாக் சொல்லியிருந்தால் அது செல்லாது. 2019 சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.
* திருமண நிலை, ஜீவனாம்சம் குறித்து நீதிமன்றத்தை நாடலாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் போதும்.

காஜியிடம் விளக்கம் கேட்கலாம், ஆலோசனை பெறலாம். தீர்ப்பு மட்டும் நீதிமன்றத்திலிருந்துதான் வர வேண்டும்.