நீண்ட வார இறுதியும் நங்கூரமும்

கோடைக்கால நீண்ட வார இறுதிகளில் ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரியில் படகுகள் நிறைந்துவிடுகின்றன. குழந்தைகளுடன் படகேறும் நாம், நங்கூரத்தின் பாரமே படகை நிறுத்துகின்றது என எண்ணிவிடுகின்றோம். அது தவறு. நங்கூரத்தின் அலகு ஏரியடி மண்ணில் புதைந்தாலன்றிப் படகு நிலையாக நில்லாது. கயிறு படுக்கையாக இழுத்தால் அலகு ஆழப் புதையும். செங்குத்தாக இழுத்தால் பெயர்ந்துவிடும். ஆகவே கயிற்றின் நீளமே முதன்மையானது. நீரின் ஆழம் 3 மீற்றர், நீர்மட்டத்திலிருந்து படகு முனையின் உயரம் 1 மீற்றர் எனின், அவற்றின் கூட்டுத்தொகையை ஏழால் பெருக்கி 28 மீற்றர் கயிறு விடுதல் நன்று.

காற்றுக்கு எதிராகப் படகை நிறுத்தி, நங்கூரத்தை எறியாது மெல்ல இறக்கிப் பின்னோக்கி நகர வேண்டும். காற்றின் திசை மாறும்போது படகு நங்கூரத்தைச் சுற்றி வட்டமிடும். எனவே அயற்படகுகளுக்கு இடம் விடுதல் அவசியம். படகின் பின்புறத்தில் மட்டும் நங்கூரக் கயிற்றைக் கட்டலாகாது. விரைந்து செல்லும் படகுகள் எழுப்பும் அலை பின்புறமாக உட்புகுந்து படகையே மூழ்கடிக்கக்கூடும்.

கரையில் முன்னும் பின்னுமாகத் தெரியும் இரு மரங்களைக் குறித்துக்கொள்வோம். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகாதிருந்தால் நங்கூரம் பற்றிக்கொண்டது எனத் தெளியலாம். அதன் பின்னரே சோற்றுப் பொதியை அவிழ்ப்போம். உயிர்காப்பு அங்கியை மட்டும் குழந்தைகள் அவிழ்க்க இடங்கொடோம்.