எத்தனை வோல்ட் என்று கேட்டிருந்தால்...

பருப்பும் புளியும் விற்கும் நமக்கு ஆம்ப்ளிஃபயரோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை வந்தது. காலையில் கடை திறந்ததும் பக்திப் பாடல் போடுவது நம் வழக்கம். பழைய செட் பழுதானது. புதிது வாங்குவானேன், 'கிட்' வாங்கி வீட்டிலேயே நாமே செய்து பார்ப்போமே என்று துணிந்தோம். அதில் கற்ற பாடம் வியாபாரத்துக்கும் பொருந்துவதால் இங்கே எழுதுகிறோம்.

நம் பகுதியைச் சுற்றித் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் நின்றது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. இத்தனை இருந்தும் ஒரு சிறிய கிட் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் பஸ் ஏறினோம்.

கிட் என்பது மாதச் சாமான் பட்டியல் போன்றது. ஒரு ஐ.சி., சில ரெசிஸ்டர்கள், கண்டன்சர்கள், செம்புக் கோடு போட்ட அட்டை, சூடு தணிக்க அலுமினியத் தகடு எல்லாம் ஒரே பையில் இருக்கும். நாம் வாங்கியது எல்.ஏ.4440 என்ற ஐ.சி. உள்ள கிட். ஜப்பானின் சான்யோ கம்பெனி கார் ஸ்டீரியோவுக்காக வடிவமைத்த ஐ.சி. அது. கார் பாட்டரி அளவு மின்சாரம் போதும். பக்கத்துக்கு 6 வாட் தரும்.

பாட்டரிக்குப் பதில் வீட்டு மின்சாரத்தில் ஓட்ட டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும். "15 வோல்ட் எடுத்துக்குங்க, சத்தம் நல்லா வரும்" என்றார் கடைக்காரர். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்து ஈயம் வைத்துப் பற்றவைத்தோம். சுவிட்சைப் போட்டதும் 'பட்' என்ற சத்தம், புகை. பாட்டு வரவில்லை.

நம் கடையில் மாதக் கணக்கு வைத்திருக்கும் தொழிற்சாலை இளைஞர் ஒருவர் பார்த்துவிட்டுக் காரணம் சொன்னார். டிரான்ஸ்ஃபார்மரில் 15 என்று எழுதியிருப்பது மாறுமின்சாரம். அதை டயோடுகளில் திருத்திக் கண்டன்சரில் நிரப்பினால் சுமார் 1.4 மடங்காகும். டயோடுகளில் இழப்பது போகச் சுமார் 20 வோல்ட் இருக்கும். இந்த ஐ.சி. ஓடும்போது தாங்குவது 18 வோல்ட்தான். நாம் போட்ட கண்டன்சரோ 16 வோல்ட். வெடிக்காமல் என்ன செய்யும்?

மறுமுறை 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் 25 வோல்ட் கண்டன்சரும் வாங்கினோம். நேராக மின்சாரம் கொடுக்காமல், 60 வாட் குண்டு பல்பை வரிசையில் இணைத்துச் சோதித்தோம். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும்; பொருள் பிழைக்கும். பல்ப் எரியவில்லை. பாட்டு வந்தது, கூடவே 'கும்' என்ற இரைச்சலும் வந்தது. பாட்டு வரும் ஒயரை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி வைத்து, உறை போட்ட ஒயராக மாற்றினோம். இரைச்சல் அடங்கியது.

இன்னொன்றும் தெரிந்தது. இதே ஐ.சி. போட்ட பெட்டிகளில் '100 வாட்' என்று ஒட்டி விற்பதைப் பார்த்திருக்கிறோம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தாலும் கிடைப்பது 19 வாட்தான். தராசில் எடை குறைத்தால் குற்றம் என்றால் இதுவும் அதே குற்றம்தான்.

நம் நஷ்டம் பெரிதல்ல. ஐ.சி.யின் விலை ஒரு கிலோ நல்ல அரிசியின் விலைதான். ஆனால் அந்தக் கடைக்கு நாம் திரும்பப் போகவில்லை. "எந்த ஐ.சி.க்கு?" என்ற ஒரே கேள்வி கேட்டிருந்தால் நாம் அவருடைய நிரந்தர வாடிக்கையாளராகியிருப்போம்.

யோசித்துப் பார்த்தால் நாமும் அப்படித்தான். இட்லிக்கு அரிசி கேட்டு வருபவரிடம் இருக்கிற அரிசியைக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். நம் ஊருக்கு வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் இளைஞர்களில் பலருக்குச் சமையல் புதிது. நமக்குக் கிட் புதிதாக இருந்தது போல. எதற்கு வாங்குகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்போம். கேட்டு விற்ற பொருளுக்கு வாடிக்கையாளர் மறுபடி வருவார்.