ஒட்டும் பரப்பும் ஒட்டாப் பரப்பும்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று நோக்கினால், காயலுக்கு அப்பால் வில்லிங்டன் தீவு தெரியும். 1957ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அத்தீவில் உள்ளது. மீன்வலைகளில் உயிர்கள் ஒட்டுவதை எவ்வாறு தடுப்பது என்பது அங்கு ஆராயப்பட்ட வினாக்களுள் ஒன்று.

காயலிலும் கடலிலும் கூண்டு வலைகளுக்குள் மீன் வளர்க்கின்றனர். பாலிஎத்திலீன் என்னும் பலபடியாலான இழைகள் அவ்வலைகளுக்குப் பயன்படுகின்றன. வலை நீரில் இறங்கியதும், நீரிலுள்ள கரிமப் பொருள்கள் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அப்படலத்தைப் பற்றிப் பாக்டீரியாக்களும் நுண்பாசிகளும் வளர்கின்றன. பின்னர்க் கொட்டலசும் சிப்பியும் குடியேறுகின்றன. வலைக்கண்கள் அடைபட, நீரோட்டம் தடைபட்டு மீன்களுக்கு உயிர்வளி குறைகிறது. வலையை அடிக்கடி தூய்மை செய்ய வேண்டியிருப்பதால், வளர்ப்போரின் உழைப்பும் செலவும் பெருகுகின்றன.

செம்பு இவ்வுயிர்கள் ஒட்டுவதைத் தடுக்கும். ஆனால், பாலிஎத்திலீனின் பரப்பு மெழுகு போன்றது. செம்புச் சேர்மங்கள் அதன்மேல் எளிதில் நிலைப்பதில்லை. எனவே ஆய்வாளர்கள் முதலில் இழையின் மேல் பாலிஅனிலீன் என்னும் வேறொரு பலபடியை உருவாக்கினர். அதன்மீது மிக நுண்ணிய செம்பு ஆக்சைடு துகள்களைப் படியச் செய்தனர். இழையின் உட்பகுதி பாலிஎத்திலீனாகவே இருக்க, மேற்பரப்பு மட்டும் மாறியது. இதுவே பரப்பு மாற்றம் எனப்படும்.

சில இடங்களில் உயிரணுக்கள் ஒட்டுவதே தேவையாகிறது. ஆய்வகங்களில் உயிரணுக்களை வளர்க்கப் பாலிஸ்டைரீன் தட்டுகள் பயன்படுகின்றன. இயல்பான பாலிஸ்டைரீன் நீரை ஏற்பதில்லை. உயிரணுக்களும் அதில் நன்கு ஒட்டுவதில்லை. மின்னேற்றம் பெற்ற வாயுவைச் செலுத்தினால், அதன் பரப்பில் ஆக்சிஜன் கொண்ட தொகுதிகள் சேர்கின்றன. பரப்பு நீரை ஏற்கத் தொடங்குகிறது. அதன்மேல் புரதங்கள் தக்கவாறு படிகின்றன. உயிரணு நேரே தட்டைப் பற்றுவதில்லை; இப்புரதப் படலத்தைப் பற்றியே படர்கிறது.

திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வில் இவ்விரு தேவைகளும் ஒருங்கே அமைகின்றன. 1990இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட அவ்வால்வைச் சுற்றிப் பாலியெஸ்டர் துணி வளையம் உண்டு. உடலின் திசு அத்துணிக்குள் வளர்ந்து வால்வை உறுதியாகப் பற்ற வேண்டும். திறந்து மூடும் வட்டோ, வலையிழையைப் போலவே பாலிஎத்திலீன் வகையைச் சேர்ந்தது. அதில் குருதி உறைந்து ஒட்டினால் உயிருக்கே இடர் நேரும். ஓரிடத்தில் ஒட்டுதலும் மற்றோரிடத்தில் ஒட்டாமையும் சேர்ந்தே ஓர் உயிரைக் காக்கின்றன.

சொற்பொருள்
பலபடி – சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் இணைந்து உருவாகும் பொருள்
கொட்டலசு – பாறை, படகு முதலியவற்றில் ஒட்டி வாழும் ஓடுடைய சிறு கடலுயிர்
திசு – ஒரே பணியைச் செய்யும் உயிரணுக்களின் தொகுப்பு

விடை எழுதுக
1. வலைக்கண்கள் அடைபடுவதால் மீன்களுக்கு நேரும் தீங்கு யாது?
2. பாலிஎத்திலீன் இழையின் மேல் முதலில் பாலிஅனிலீனை உருவாக்கியது ஏன்?
3. இதய வால்வில் ஒட்ட வேண்டிய பகுதி எது? ஒட்டக் கூடாத பகுதி எது? காரணம் கூறுக.