உங்களுக்குத் தெரியுமா? காரைக்கால் காற்றின் மணிக்கணக்கு

நெல் வயலிலிருந்து மீத்தேன் அதிகமாக வெளியேறுவது பிற்பகலில். சேறு சூடாவதே காரணம். வேரடியில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் இந்த வாயு பெரும்பாலும் நெற்பயிரின் உள்ளிருக்கும் காற்றறைகள் வழியாகத்தான் மேலே வருகிறது. ஆனால் திருநள்ளாறு பக்கம் ஒரு வரப்போரமாகக் கருவியை வைத்துப் பாருங்கள், காற்றில் மீத்தேன் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் விடியலுக்கு முன்புதான்! இரவில் தரை குளிர்ந்ததும் காற்று மேலும் கீழும் கலப்பது நின்றுவிடுகிறது. வெளியேறிய வாயு தரையை ஒட்டியே தேங்குகிறது. வெயில் ஏறியதும் அதே வாயு ஒரு கிலோமீட்டர் உயரம் வரைகூடப் பரவி நீர்த்துப்போகும். எந்த மணிக்கு அளந்தது என்று சொல்லாத கணக்கை நான் பாதிக் கணக்கு என்றே சொல்வேன்.

கார்பன் டை ஆக்சைடும் விடியலில்தான் கூடும். தரையருகே உள்ள ஓசோன் நேர்மாறு: அது வெயிலில் உருவாவதால் பிற்பகலில் ஏறி இரவில் இறங்கும்.

காற்று எவ்வளவு உயரம் வரை கலந்திருக்கிறது என்பதற்குத் துப்பு தருபவை வானிலை பலூன்கள். காரைக்காலில் இந்திய வானிலைத் துறையின் பலூன் நிலையம் இருக்கிறது. உலகெங்கும் ஒரே நேரக் கணக்கில் பறக்கும் இவற்றுக்கு நம் கடிகாரத்தில் காலை 5.30, மாலை 5.30.

புதுச்சேரிக் கடற்கரையில் இந்திய, பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்து பாரிஸ் அருகே உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2007 முதல் 2011 வரையிலான அளவுகள் வெளியாகியுள்ளன. கடல்காற்று வீசும் பிற்பகலே குடுவைக்கு உகந்த நேரம். ஊர்ப்புகை கலப்பது குறைவு. தென்மேற்குப் பருவத்தில் தென் அரைக்கோளக் காற்று வருவதால் மீத்தேன் குறைகிறது, வடகிழக்குப் பருவத்தில் கூடுகிறது.

இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்க மதிப்பீடு ஒன்று சொன்னது. 1991-ல் விஞ்ஞானி ஏ.பி. மித்ரா தலைமையில் நம்மவர்கள் வயலில் இறங்கிப் பெட்டி கவிழ்த்து அளந்தார்கள். கிடைத்தது சுமார் 40 லட்சம் டன்! பயிர்மேல் பெட்டியை மூடி, சில நிமிட இடைவெளியில் ஊசிக்குழாயால் காற்றை உறிஞ்சி எடுக்கும் எளிய முறை அது.

வயலைக் காயவிட்டுக் காயவிட்டு நீர் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ பாசனத்தில் மீத்தேன் குறையும், ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம். எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் இது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பமூட்டும். யூரியா போட்ட சில நாட்களில் குப்பென்று எழும்பி அடங்கிவிடும் வாயு இது. வாரம் ஒருமுறை அளப்பவர் கண்ணில் படாமலே போய்விடலாம். அந்த நாட்களில் தினமும் பெட்டி வைத்தாக வேண்டும்.