ஆடித்தபசு மாவிளக்கு: நெய் கசியாமல் பிடிப்பது எப்படி?

ஆடி பிறந்துவிட்டால் சங்கரன்கோவில் பக்கத்து வீடுகளில் பச்சரிசி ஊற ஆரம்பித்துவிடும். கோமதி அம்மனுக்கு மாவிளக்கு! பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டாலும் சரி, மகளுக்கு வரன் தள்ளிப்போனாலும் சரி, "தாயே, உனக்கு மாவிளக்கு ஏத்துறேன்" என்று நேர்ந்துகொள்வார்கள். அந்தக் கடனைத் தீர்க்கிற மாதம் இது.

சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரு நாகர்களுக்குள் சண்டை. இருவரும் ஒன்றே எனக் காட்ட வேண்டி அம்பாள் ஒற்றைக்காலில் தவம் இருந்தாள் என்கிறது தலபுராணம். ஆடிப் பௌர்ணமியும் உத்திராடமும் கூடும் நாளில் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி தருவார். அந்த நேரத்தில் கரிசல்காட்டு விவசாயிகள் தங்கள் விளைச்சலான பருத்தியையும் வற்றலையும் கூட்டத்தின் மேல் சூறைவிடுவார்கள்.

விளைச்சலும் பலகாரமும் சாமியோடு சேர்வது நமக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. ஸ்பெயினின் மாட்ரிட் நகரத்துக் காவல் புனிதர் சான் இசித்ரோ ஓர் உழவர். மே 15 அவர் திருநாள். அன்று சாப்பிடும் வளைய வடிவப் பலகாரத்தில் சர்க்கரைப் பூச்சு இல்லாததற்கு 'மக்கு' என்றும், பூசியதற்கு 'கெட்டிக்காரி' என்றும் பெயராம்!

நம் மாவிளக்குக்கு வருவோம். 2 டம்ளர் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்துங்கள். கையில் ஒட்டக்கூடாது, ஆனால் ஈரம் இருக்க வேண்டும். பக்குவமே இதில்தான். உரலில் இடித்தால் அருமை, மிக்ஸியும் குற்றமில்லை. சலித்த மாவில் ஒன்றேகால் டம்ளர் துருவிய வெல்லம், ஏலக்காய், சுக்குப்பொடி சேர்த்துப் பிசையுங்கள். மாவின் ஈரத்திலேயே வெல்லம் இளகிவிடும், தண்ணீர் வேண்டாம். பாக்கெட் மாவு வாங்கினால் இங்கேதான் காலை வாரும்: காய்ந்த மாவு விரிசல் விட்டு, நெய்யெல்லாம் தட்டில் ஓடிவிடும்.

உருண்டை பிடித்து, கட்டைவிரலால் குழி செய்து, நெய் விட்டுப் பஞ்சுத்திரி போடுங்கள். குழி ஆழமாக இருக்கட்டும். ஓரம் கனமாக இருக்கட்டும்.

விளக்கு தானாக மலையேறிய பிறகு, திரியைச் சுற்றி நெய்யில் ஊறிச் சிவந்திருக்கும் மாவுக்குத்தான் வீட்டுப் பிள்ளைகளிடையே அடிதடி. மிச்சத்தை அக்கம்பக்கத்துக்கு அன்றே கொடுத்துவிடுங்கள். ஈரமாவு, மறுநாள் புளித்துப்போகும்.