கொசு உள்ளானை இனங்காணல்



மன்னார்த் தீவுக்குச் செல்லும் தாம்போதியிற் பஸ் வண்டி ஏறியதும், பிரயாணிகள் யன்னற் பக்கம் திரும்பிப் பூநாரைகளைத் தேடுவது வழக்கம். அவை கூட்டமாக நிற்குமாயின் காணத் தவறுவோர் இலர். ஆனால் அவற்றின் காலடியில், சேற்றோடு சேறாக, ஊர்க்குருவிப் பருமனான சில உருவங்கள் ஓயாது ஓடித் திரிவதை எத்தனை பேர் கண்டிருப்பர்? கண்டாலும், "உள்ளான்" என்ற ஒரே சொல்லோடு அமைந்துவிடுவோம். அவ்வுள்ளான்களுட் சின்னஞ்சிறியது ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். தமிழிற் பறவை நூல் எழுதியோர் அதற்குக் கொசு உள்ளான் எனப் பெயரிட்டுள்ளனர். 1812ஆம் ஆண்டில் ஜெர்மனிய அறிஞர் லைஸ்லர் அதற்கு இட்ட விஞ்ஞானப் பெயரும் சிறுமையையே குறிப்பது.

சாதாரண நாட்களில் இதன் நிறை 25 கிராமுக்கு முன்பின்னாக இருக்கும். நீளம் ஏறக்குறைய ஐந்து அங்குலம். இவ்வளவு சிறிய உயிர் முட்டையிடுவதோ ஸ்கந்திநேவியாவின் வடகோடியிலிருந்து சைபீரியா வரை பரந்து கிடக்கும் பனிவெளியில். அங்கிருந்து நம் கரைக்கு ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர். ஆவணி, புரட்டாதியில் வந்திறங்கத் தொடங்கி, சித்திரையளவில் திரும்பிவிடும். அங்கே ஒரே பேடு இரு கூடுகளில் முட்டையிட்டு, ஒன்றைச் சேவலிடம் ஒப்படைத்து, மற்றதைத் தானே அடைகாப்பதும் உண்டு. கோடை மிகக் குறுகிய நாட்டில் இது நல்ல ஏற்பாடுதான்.

இனி, இதனை இனங்காண்பது எவ்வாறு? முதலில் நடையைக் கவனியுங்கள். உப்புக்கொத்திகள் சிறிது ஓடும், சட்டென நிற்கும், பார்த்துக் குனிந்து ஒன்றைக் கொத்தும். கொசு உள்ளானுக்கு அந்த நிதானம் இல்லை. தையல் இயந்திரத்தின் ஊசி போல, நடந்தபடியே சேற்றின் மேற்பரப்பைக் கொத்திக்கொண்டு செல்லும். அலகு குட்டையானது, கரியது, ஏறக்குறைய நேரானது. அருகே மேயும் வளைந்த அலகு உள்ளான் இதனிலும் பெரியது. அதன் நீண்ட அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும். மாரியில் கொசு உள்ளானின் மேற்புறம் சாம்பல், அடிப்புறம் வெள்ளை. புறப்படும் காலம் நெருங்க, செம்மை படரத் தொடங்கும்.

உறுதியான அடையாளம் கால்தான். கொசு உள்ளானின் கால் கறுப்பு. இதன் நெருங்கிய உறவினருள் நீண்ட விரல்களையுடைய இனத்துக்கும், தெம்மிங்கின் பெயர் தாங்கிய இனத்துக்கும் கால்கள் வெளிறிய மஞ்சள் அல்லது மஞ்சட்பச்சை. இதைப் படித்தறிந்த துணிவில், முன்னொரு நாள் மாணவர் சிலரை ஒரு குளக்கரைக்கு அழைத்துச் சென்றேன். புல்லோரச் சேற்றில் நின்ற பறவையைக் காட்டி, "கால் கறுப்பு, ஆகவே கொசு உள்ளான், எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். அவர்களும் எழுதினர். சிறிது நேரத்தில் பின்வரிசைப் பையன் ஒருவன், "சேர், அது இப்போது காலைக் கழுவிவிட்டது" என்றான். நீருள் இறங்கி ஏறிய அப்பறவையின் கால்கள் பளிச்சென மஞ்சளாகத் தெரிந்தன! கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்ற நிலையும் நீண்ட விரல் இனத்துக்கே உரியது. எல்லார் கொப்பியிலும் அந்த வரியை வெட்டச் செய்தேன். என் கொப்பியில் முதலில்.

சேறு படிந்தால் எந்தக் காலும் கறுப்பே. ஆதலால், சூரியனை முதுகுப்புறம் வைத்து அமர்ந்து, பறவை நீரைக் கடக்கும்வரை பொறுத்திருப்பது அவசியம். அப்படியும் ஓர் ஐயம் எஞ்சும். செங்கழுத்து உடைய வேறோர் இனத்துக்கும் கால் கறுப்பு. அது இங்கு அரிதாகவே வரும், மாரிக்கோலத்தில் பிரித்தறிவது வல்லுநருக்கே கடினம். "கொசு உள்ளானாகலாம்" என்று எழுதுவதில் வெட்கமில்லை. தை மாதத்தில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்போருக்கு, துணிந்து எழுதிய பிழையைவிட இத்தகைய குறிப்பே பயன்படும்.

பார்க்க ஏற்ற இடங்கள் பல. 2010இல் இராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் அத்தாம்போதியை அடுத்தே உள்ளது. தெற்கே புந்தல, 1990 முதல் அப்பட்டியலில் உள்ளது. யாழ்ப்பாணத்தாருக்குப் பரவைக்கடல் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மாரிமழை ஓய்ந்து நீர் வற்றி, ஈரச்சேறு வெளிப்படும் தை, மாசி மாதங்களே உகந்தவை.

அருகே செல்ல ஆசை எழும்; செல்லாதீர்கள். கூட்டமாக எழும்பி, ஒருங்கே திரும்பி, வெள்ளை வயிறு மின்னச் சுழலும் காட்சி அழகுதான். அதற்காகவே கல்லெறியும் சிறுவரைக் கண்டிருக்கிறேன். படம் பிடிக்கவென்று கைதட்டும் பெரியவர்களையும் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் மேய்ச்சல் நேரம் குறைகிறது, சேர்த்த கொழுப்பும் செலவாகிறது. பங்குனியில் இது மேலும் பாரதூரமானது. திரும்பும் பயணத்துக்கான கொழுப்பைப் புழுவாகவும் பூச்சிக் குடம்பியாகவும் நுண்ணிய இறால் இனங்களாகவும் அந்தச் சேற்றிலிருந்தே அது திரட்டியாக வேண்டும். ஐம்பது அறுபது யார் தள்ளி, தாழ்ந்து அமர்ந்து, அசையாதிருங்கள். கால் மணி நேரத்தில் உங்களை மறந்து, மேய்ந்துகொண்டே அவை தாமாக அருகில் வரும். அப்போது காலின் நிறம் வெறுங்கண்ணுக்கே தெரியும்.