களையை முளையிலேயே கிள்ளுங்கள்!

வீட்டைச் சுற்றிக் கையளவு மண் கிடைத்தால் போதும். நம்மவர்கள் நாலு வெண்டை, இரண்டு கத்தரி, வேலியோரம் ஒரு பயற்றங்காய்க் கொடி என்று வைத்துவிடுவார்கள். தோட்டத்து லயத்தில் இருந்த இந்தப் பழக்கம் பினாங்குப் பட்டணத்து வீடுகளுக்கும் நம்மோடு வந்துவிட்டது. ஆனால், செடி தலையெடுப்பதற்குள் களை முந்திக்கொள்கிறதே என்பது பலருடைய குறை. உடனே கடைக்குப் போய்ப் புல் மருந்து வாங்க நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

நாம் அறிந்த நஞ்சு

புல் மருந்தைப் பற்றித் தோட்டத்து மக்களுக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்தடித்தவர்களில் நம் தாய்மார்கள் ஏராளம். அவர்கள் பட்ட பாட்டை 2002-ல் தெனாகனித்தா அமைப்பும், பினாங்கில் இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து ஆய்வாக வெளியிட்டன. பாராகுவாட் மருந்தைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்ததும் அதே ஆண்டில்தான். 2006-ல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ல்.

ஒரு வாய் உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கக்கூடியது பாராகுவாட். அதற்கு முறிவு மருந்தும் இல்லை. கொட்டகையில் பழைய போத்தல் கிடந்தால், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், கால்வாயிலும் கொட்டாதீர்கள். விவசாயத் துறை அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் காட்டும் வழியில் அகற்றுங்கள்.

மருந்துக்கு அடங்காத புல்

வேறு மருந்து இருக்கிறதே என்பீர்கள். கேழ்வரகுக்கு நெருங்கிய உறவான ஒரு புல் உண்டு. கதிர் விரல் விரலாகப் பிரிந்திருக்கும். மலாய்க்காரர்கள் ‘சம்பாவ்’ என்பார்கள். 1997-ல் தெலுக் இந்தான் அருகே ஒரு பழத்தோட்டத்தில், கிளைபோசேட் அடித்தும் சாகாத சம்பாவ் புல் கண்டுபிடிக்கப்பட்டது. காரணம் எளிது. ஆயிரமாயிரம் புல்லில் ஒன்றிரண்டு இயல்பிலேயே மருந்தைத் தாங்கும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் மற்றவை மடியும். தாங்கியது விதை போடும். சில வருடங்களில் நிலமெல்லாம் அதன் பிள்ளைகள்தாம்!

கையே போதும்

நேரம் பார்த்துச் செய்தால் வீட்டுத் தோட்டத்துக்குக் கையும் மண்வெட்டியுமே போதும்.

முதலில் பாத்தியைக் கொத்தித் தண்ணீர் தெளித்து, பத்துப் பதினைந்து நாள் சும்மா விடுங்கள். மேல்மண்ணில் உள்ள களை விதைகள் முளைக்கும். அவற்றை மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு விதையுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்துவிடும்.

விதைத்தபின் முதல் ஐந்தாறு வாரங்கள்தாம் முக்கியம். இந்தக் காலத்தில் களை தின்ற சத்தைப் பின்னால் எவ்வளவு உரம் போட்டாலும் ஈடுசெய்வது கடினம். வாரம் ஒருமுறை, களை இரண்டு இலை விடும்போதே கிள்ளுங்கள். பிறகு செடியே படர்ந்து நிழல் கட்டிவிடும்.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் காய்ந்த புல்லை மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். லாலான் என்றால் பூப்பதற்கு முன் அறுத்தது நல்லது. வேர்த்துண்டு கலக்கக் கூடாது. தண்டை ஒட்டிப் போடாமல் சிறிது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

கோரையைப் பிடுங்கினால் தலைதான் வரும். கிழங்கு மண்ணிலேயே நிற்கும். மண்ணோடு தோண்டிக் கிழங்கைப் பொறுக்கி வெயிலில் காயப்போடுங்கள். குப்பை உரக் குழியில் போட்டுவிடாதீர்கள்.

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் கொத்திப் போட்ட களை அங்கேயே கருகிவிடும். செப்டம்பர், அக்டோபர் மழையில் அதே களை மறுபடி வேர்விடும். ஆகவே அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

மருந்தில்லாத பயிர்முறையை அறிய விரும்புவோருக்கு ஜார்ஜ்டவுன் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. இயற்கை விவசாயத்தை அது பல்லாண்டுகளாக வலியுறுத்தி வருகிறது.

தாய்மார்களே, பிறர் நிலத்துக்காக நஞ்சைச் சுமந்தது போதும். உங்கள் பிள்ளை உண்ணும் கீரைப் பாத்தியிலாவது அது விழ வேண்டாம். வாரம் ஒரு மாலை, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாத்தியில் குனியுங்கள், அதுவே போதும்.